உன்னிச்சையில் ஒரு வாசல்

சித்திரை மாதத்தில் ஒருநாள் ஓய்வு கிடைத்தால், மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டி மேற்கே போய்ப் பாருங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வவுணதீவு, ஆயித்தியமலை என்று வயல்வெளிகளுக்கு ஊடாகப் போனால் உன்னிச்சைக் குளம் வந்துவிடும். மட்டக்களப்பு நகரத்தாருக்குக் குடிதண்ணீர் தருவதும் இந்தக் குளம்தான்.

குளத்தைப் பார்க்கத்தான் நானும் போனேன். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு ஏறிய ஒரு வளவில் அதிக நேரம் நின்றுவிட்டேன். சிறிய கல்வீடு. அதன் முன்னால் இரண்டு வரிசையாகச் செந்நிற லில்லிப் பூக்கள். தடித்த தண்டின் உச்சியில் எக்காளம் போல விரிந்து நின்றன. முதல் நாள் பெய்த மழைக்கு, இடையிடையே இளஞ்சிவப்பு மழை லில்லிகளும் பூத்திருந்தன.

"யார் நட்டது?" என்று வீட்டுக்கார உம்மாவிடம் கேட்டேன்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டில்தான் படுவான்கரை முஸ்லிம்களும் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பிறகே இந்த உம்மா திரும்பி வந்திருக்கிறார்.

"ஊடு எங்க கிடந்திச்செண்டே தெரியல்ல மகள், எல்லாம் காடு. சித்திரை மழைக்கு இந்தப் பூ வரிசையாப் பூத்திச்சு. அதப் பாத்துத்தான் இதுதான் எங்கட வாசல் எண்டு கண்டுக்கிட்டம். எங்கட உம்மா வெச்ச பூ" என்றார்.

சுப்ஹானல்லாஹ்! சுவர் நிற்கவில்லை, மண்ணுக்குள் கிழங்கு நின்றிருக்கிறது.

வசந்தகாலக் கிழங்குப் பூ என்றால் துலிப்தான் பலருக்கும் நினைவு வரும். உஸ்மானியத் துருக்கியர் அதை 'லாலே' என்று அழைத்தார்கள். அரபு எழுத்தில் எழுதினால் 'அல்லாஹ்' என்ற திருநாமத்துக்குரிய அதே எழுத்துகள் என்பதால் அதற்குத் தனி மதிப்பு. அவர்களிடமிருந்து ஐரோப்பாவுக்குப் போன அந்தக் கிழங்கின் விலை 1637இல் ஒல்லாந்தில் திடீரெனச் சரிந்தது. அடுத்த ஆண்டே ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தார்கள்.

துலிப் பூக்க வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நம் மண்ணில் அது நடக்காது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செந்நிற லில்லிக்கோ உறைபனிதான் எதிரி. குளிர்நாட்டார் அதை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நாம் முற்றத்திலேயே வளர்க்கலாம்.

நீங்களும் வைத்துப் பாருங்கள். அடியில் துளையுள்ள மண்சட்டி போதும். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. பெரிய சட்டி வேண்டாம். மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்த மண்ணில், கிழங்கின் மேல்பகுதி வெளியே தெரிய நடுங்கள். முழுக்கப் புதைத்தால் அழுகும். மழை லில்லியின் சிறு கிழங்குகளை இரண்டு அங்குல ஆழத்தில் நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு வைக்கலாம்.

பூ வாடியதும் தண்டை மட்டும் நறுக்குங்கள். இலையை வெட்டாதீர்கள், அடுத்த ஆண்டுப் பூவுக்கு உணவு சேர்ப்பது இலைதான். இலை நன்கு வளர்ந்து உணவு சேர்த்த பிறகு எட்டுப் பத்து வாரம் தண்ணீரைக் குறைத்து விடுங்கள். இலை பழுத்தால் பயப்படாதீர்கள், கிழங்கு உறங்குகிறது. மறுபடி தண்ணீர் ஊற்றினால் மொட்டு எழும்பும்.

ஓர் எச்சரிக்கை: இக்கிழங்குகள் நஞ்சு. வெங்காயத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறண்டு இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதைத் திருக்குர்ஆன் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. ஓதும்போது கடந்துபோகிற அந்த அத்தாட்சி அன்று கண் முன்னே நின்றது.

புறப்படும்போது அந்த உம்மா தாய்க்கிழங்கின் அருகே முளைத்திருந்த மூன்று குட்டிகளைப் பிடுங்கி, சாக்குத் துண்டில் சுற்றித் தந்தார். "பூக்க ரெண்டு மூணு வருஷம் செல்லும் மகள். பொறுமையா இருங்க" என்றார்.

பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவர் சொன்ன சொல் அது. என் வீட்டு வாசலில் மூன்று சட்டிகள் இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், பூக்கும்.