ஆலுபுகாராவும் நாவலும்

மா, பலா, வாழை என்னும் முக்கனிகளோடு வளர்ந்தவர்கள் நாம். தில்லிக்கு வந்த தமிழ் மாணவர்க்கு நான்காம் கனியாக வாய்ப்பது ஆலுபுகாரா. கோடையில் இமாசலப் பிரதேசத்து மலைத் தோட்டங்களிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கித் தள்ளுவண்டிகளில் செம்மணிக் குவியலாய்க் கிடக்கும் இப்பழத்தை அறியாதார் நம்மில் இரார். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் ஆல்பகோடா என்று விற்பது இதன் உலர்ந்த வடிவமே. புகாரா நகரத்துப் பிளம் என்பது அப்பாரசீகப் பெயரின் பொருள். ஊர் விட்டு ஊர் வந்த பெயர். நமக்கு அதன்பால் பரிவு தோன்றுவது இயல்பன்றோ?

இப்பழத்தின் தோலில் வெண்ணீறு பூசினாற்போல் ஒரு படலம் காணப்படும். மருந்துத் தூளோ என்று பலர் அஞ்சுவர். அது பழமே உண்டாக்கும் மெழுகு. உள்ளீரம் வெளியேறாமல் காப்பது. கழுவி உண்பது எப்படியும் நன்று. தோலின் செம்மை ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. புளிப்பு பெரும்பாலும் மாலிக் அமிலத்தால் வருவது. சதைக்குள் கல் போன்ற ஓடு, ஓட்டுக்குள் விதை. பீச், ஆப்ரிகாட், செர்ரி, வாதுமை ஆகிய அனைத்தும் இதன் நெருங்கிய உறவினர். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வாதுமையில் விதையை உண்கிறோம் என்பதற்காகப் பிளம் விதையையும் உடைத்துத் தின்னலாகாது. அதிலுள்ள அமிக்டலின் மெல்லும்போது சயனைடு நஞ்சைத் தோற்றுவிக்கும்.

100 கிராம் பிளம்மில் 87 கிராம் நீர். சர்க்கரை சுமார் 10 கிராம். நார் ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெப்ப ஆற்றல் 46 கலோரி. உலர்ந்துவிட்டால் அதே 100 கிராமில் 240 கலோரி. நாரும் 7 கிராமாக உயர்கிறது. உலர்ந்த பழத்தில் மிகுந்துள்ள சார்பிட்டாலும் நாரும் மலச்சிக்கலை நீக்க உதவுகின்றன.

இவ்வெண்களை நான் தேர்வுக்காகப் படிக்கவில்லை. என் தந்தைக்காகப் படித்தேன். வேலை மாற்றலாகி எங்களைத் தில்லிக்கு அழைத்து வந்த அவர், எட்டு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்கிறார். சென்ற கோடையில் நண்பர் ஒருவர் சொல்கேட்டு நாவற்கொட்டைப் பொடியை உண்ணத் தொடங்கினார். மாத்திரையை நிறுத்திவிடவும் எண்ணினார். "நம்ம தாத்தா காலத்துல மாத்திரை ஏதுடா?" என்பது அவர் வாதம். "நீ படிச்சவன், நீயே அப்பாகிட்ட சொல்லு" என்றார் அம்மா.

நாவலைப் பழிப்பது என் நோக்கமன்று. நம் முன்னோர் இந்நிலப்பரப்பையே நாவலந்தீவு என்றழைத்தனர். தில்லியின் அகன்ற சாலைகளிலும் நாவல் மரங்களே நிழல் பரப்புகின்றன. ஆங்கிலத்தில் ஜாவா பிளம் என்ற பெயர் இருப்பினும், அது பிளம்முக்கு உறவன்று. கொய்யாவுக்கும் கிராம்புக்கும் உறவு. அதன் துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால்தான் நாக்கு வறள்கிறது. இத்தனை பெருமையும் உண்டு. ஆயினும் பழத்தின் பெருமை வேறு, மருந்துக்குரிய சான்று வேறு.

தந்தையாரிடம் இதைத்தான் சொன்னேன். நாவற்கொட்டை எலிகளின் குருதிச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் பிரேசிலில் நாவல் இலைத் தேநீரை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது பயன் காணப்படவில்லை. இன்சுலினின் வரலாற்றையும் எடுத்துரைத்தேன். 1921இல் டொராண்டோவில் நாய்களுக்குப் பயன்பட்ட சாறு, 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசியாகச் செலுத்தப்பட்டபோது போதிய பயன் தரவில்லை. மேலும் தூய்மை செய்து செலுத்திய பின்னரே சர்க்கரை இறங்கியது. விலங்கிலிருந்து மனிதருக்கு வர அவ்வளவு சோதனை வேண்டியிருந்தது. நாவற்பொடி மாத்திரைக்கு ஈடென்று மனிதரிடம் மெய்ப்பிக்கப்படும் வரை, மாத்திரையைக் கைவிடுவது எப்படித் தகும்?

நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "பழமாவது தின்னலாமா?" என்று கேட்டார். ஒரு பிளம்மை நிறுத்தேன்: 65 கிராம். அதில் சர்க்கரை ஆறரை கிராம் அளவே. மறுநாள் இருவரும் மருத்துவரிடம் சென்றோம். நாளுக்கு ஒரு பழத்துக்கு அவர் இசைந்தார். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாதென்றார். தந்தையார் இரண்டையும் கடைப்பிடிக்கிறார். பொடிப் புட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை எறியும்படி நான் கேட்கவுமில்லை.

தோழர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மிடம் வீட்டார் மதிப்பெண்களைக் கேட்பர், நாமும் அவர்களிடம் ஒன்று கேட்போம்: "அப்பா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" நாம் கற்ற அறிவியல் முதலில் செல்லவேண்டிய இடம் நம் வீட்டு அடுக்களையே.