அரசர் வாங்காத தேர்

செய்த நாளில் கேட்பாரற்றுக் கிடந்த பொருள், செய்தவர் மறைந்து நெடுநாள் சென்றபின் பொன்னினும் அரிதாகப் போற்றப்படுவது உண்டு. மோட்டார் வண்டிகளுள் இதற்குச் சான்று தேடுவோர் 'புகாட்டி ராயல்' என்னும் வண்டியின் கதையைக் கேட்டல் வேண்டும்.

எத்தோரே புகாட்டி 1881-ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள மிலான் நகரில் பிறந்தார். அவர் குடும்பம் கலைஞர் குடும்பம். தந்தையார் அழகிய மரப்பொருள்கள் செய்வதில் பெயர் பெற்றவர். தம்பி ரெம்பிராண்ட், விலங்குகளை உயிரோட்டத்துடன் வடித்த சிற்பி. எத்தோரேயோ இரும்பைத் தேர்ந்துகொண்டார். 1909-இல் அல்சாஸ் பகுதியின் மோல்சைம் என்னும் சிற்றூரில் தொழிற்சாலை நிறுவினார். அங்கிருந்து வெளிவந்த பந்தய வண்டிகள் ஐரோப்பாவெங்கும் வெற்றி மாலை சூடின. அவ்வளவில் அமைதி கொள்ளாத புகாட்டி, அரசர்க்கென்றே ஒரு வண்டி செய்ய விழைந்தார்.

அவ்வண்டியின் நீளம் 6 மீட்டருக்கும் மிகுதி. எடை 3 டன்னுக்கும் மிகுதி. எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த அதன் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 லிட்டர். இக்காலத்துச் சிறு குடும்ப வண்டியின் எஞ்சினைப் போல் அது பத்து மடங்கு பெரியது. முகப்பில், ரேடியேட்டரின் மேல், பின்னங்கால்களை ஊன்றித் துதிக்கையை உயர்த்தி நிற்கும் சிறு யானை ஒன்று இருந்தது. அது ரெம்பிராண்டு வடித்த உருவம். அவர் 1916-ஆம் ஆண்டிலேயே உயிர் நீத்தவர். மறைந்த தம்பியின் யானையைத் தம் கனவின் உச்சியில் ஏற்றி வைத்தார் அண்ணன்.

இருபத்தைந்து வண்டிகள் செய்வதே அவர் எண்ணம். ஆயின் 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. செய்து முடித்தவை ஆறு. அவற்றுள் அந்நாளில் வெளியார் வாங்கியவை மூன்றே. வாங்கிய மூவருள் அரசர் ஒருவருமிலர். அல்பேனிய மன்னர் வாங்க வந்தார் என்றும், அவர் உணவருந்திய முறை பிடிக்காமையால் புகாட்டி விற்க மறுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. விற்காத சரக்கைச் சுற்றி இத்தகைய கதைகள் எளிதில் வளரும்! முதலில் வாங்கியவர் பிரெஞ்சு நாட்டு ஆடை வணிகர். இரவில் தாம் வண்டி ஓட்டுவதில்லையாதலின் முகப்பு விளக்குகளே வேண்டா என்றார். அவ்வாறே செய்து கொடுத்தனர்.

எஞ்சிய எஞ்சின்களை என் செய்வது? 1933 முதல் அவை பிரெஞ்சு இருப்புப் பாதைகளில் ஓடிய விரைவு ஊர்திகளில் பொருத்தப்பட்டன. மன்னரைச் சுமக்கப் பிறந்த எஞ்சின், பயணச்சீட்டு வாங்கிய பொதுமக்களைச் சுமந்தது. இதில் இழிவு ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் உலை அணையாமல் இருந்தது அதனாலேதான்.

இரண்டாவதாக வாங்கியவர் ஜெர்மானிய மருத்துவர். 1932-இல் வாங்கிய வண்டியுடன் அவர் நீண்டநாள் தம் நாட்டில் வாழ இயலவில்லை. இட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவர் நாடு நீங்கினார். சுவிட்சர்லாந்து, இத்தாலி, சீனத்தின் சாங்காய் எனச் சுற்றி இறுதியில் நியூயார்க் சேர்ந்தார். வீடும் ஊரும் விட்டவர், அப்பெரும் வண்டியை மட்டும் விடவில்லை. நியூயார்க்கின் கடுங்குளிர் அதற்குக் கூற்றாயிற்று. நீர் உறையும்போது விரியும் இயல்புடையது. எஞ்சினில் வடிக்காது விட்ட நீர் உறைந்து விரிய, வார்ப்பிரும்பு பிளந்தது. வண்டி பழைய இரும்புக் கிடங்கை அடைந்தது. அது போர்க்காலம், கிடைத்த இரும்பையெல்லாம் உருக்கிக்கொண்டிருந்த காலம்.

அங்கு அதனைக் கண்டார் சார்லசு செயின் என்னும் அமெரிக்கப் பொறியாளர். சில நூறு டாலர் கொடுத்து வாங்கினார். பிளந்ததைச் சீராக்கினார்; ஒற்றைக் கார்புரேட்டருக்கு ஈடாக நான்கு பொருத்தினார்; கருநிற வண்டிக்கு வெண்ணிறம் பூசினார். பழமையை அணுவும் மாற்றலாகாது என்போர் இதற்கு முகம் சுளிக்கலாம். எனினும் அவர் கைபட்டிராவிடில் முகம் சுளிக்கவும் ஒரு வண்டி இருந்திராது. 1950-களின் பிற்பகுதியில் அதனை மிச்சிகன் மாநிலத்துக் கென்றி போர்டு அருங்காட்சியகத்திற்குக் கொடையாக அளித்தார். விலை ஏறும் என்று காத்திருந்தவர் செய்யும் செயலா அது?

புகாட்டியிடமே தங்கிய வண்டிகள், போர்க்காலத்தில் பகைவர் கண்படாதவாறு சுவரெழுப்பி மறைக்கப்பட்டன. அவற்றுள் இரண்டை 1950-இல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்சு கன்னிங்காம் வாங்கினார். அற்பத் தொகையும், பிரான்சில் அப்போது கிடைத்தற்கரிய குளிர்பதனப் பெட்டிகளுமே விலையாகத் தரப்பட்டன என்பர். அவ்விரண்டனுள் ஒன்று 1987-இல் இலண்டன் மாநகரில் ஏலத்திற்கு வந்தது. 55 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. அதுகாறும் எந்த மோட்டார் வண்டியும் ஏலத்தில் அத்துணை விலை பெற்றதில்லை. வண்டியில் மாறியது யாதுமில்லை. அதனைச் செய்தவர் மட்டும் காண இல்லை. புகாட்டி 1947-ஆம் ஆண்டிலேயே காலமானார்.

ஆறு வண்டிகளும் இன்றும் உள்ளன. அவற்றுள் இரண்டு, அவை பிறந்த அல்சாஸ் பகுதியிலேயே, முலூசு நகரத்து மோட்டார் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அதே நகரில் மற்றோர் அருங்காட்சியகம் இருக்கிறது. அது இருப்புப் பாதைக்குரியது. அரச வண்டியின் எஞ்சினால் ஓடிய ஊர்தி ஒன்று அங்கே நிற்கிறது.