சின்ன கார், பாதி டேங்க், 40 கொண்டை ஊசி வளைவுகள்... ஒரு வால்பாறைப் பயணம்!

ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டும்போது கார் திரையில் 226 என்று இருந்தது. இருக்கும் பெட்ரோலுக்கு இன்னும் 226 கிலோமீட்டர் போகலாம் என்று அர்த்தம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், கீழே தெரியும் ஆழியாறு அணையைப் பார்க்க வண்டியை ஓரம்கட்டியபோது அதே இடத்தில் 190. இடையில் நாங்கள் ஓடிய தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

"பெட்ரோல் எங்கயாவது ஒழுகுதா பாரு" என்றார் அம்மா, பின்சீட்டிலிருந்து. கையில் எலுமிச்சம்பழம். மலைப்பாதை என்றால் அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் இல்லாமல் முடியாது.

ஒழுகவில்லை. குனிந்து பார்த்தும்விட்டேன். இன்னும் 31 வளைவுகள் இருந்தன.

எங்களுடையது ஆல்டோ கே10. 998 சிசி இன்ஜின், கியர் வண்டி. பெட்ரோல் டேங்க் 27 லிட்டர்தான். பழைய ஆல்டோ 800-ல் இது 35 லிட்டர். 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது' என்று எல்லோரும் கேட்கிறார்கள், 'டேங்க் எவ்வளவு பிடிக்கும்' என்று யாரும் கேட்பதில்லை. இரண்டையும் பெருக்கினால்தான் எங்கே போய் நிற்போம் என்று தெரியும். இந்த மாடலுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் 24.39. காகிதத்தில் பெருக்கினால் 658 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து பொள்ளாச்சி போய், வால்பாறையும் ஏறி, மிச்சமும் இருக்கும்!

அந்த 24.39 பொய்யான எண் இல்லை. ஆனால், அது சாலையில் எடுத்த எண்ணும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஏ.சி-யை அணைத்துவிட்டு, வகுத்துவைத்த ஒரே மாதிரியான வேகத்தில் ஓட்டி எடுப்பது. அதிகபட்ச வேகம் 90 கிலோமீட்டர். அங்கே சிக்னல் கிடையாது, பெருங்களத்தூர் கிடையாது, பின்சீட்டில் ஒரு மூட்டை தேங்காய் கிடையாது. எல்லா கார்களையும் ஒரே தராசில் நிறுத்த அந்த எண் உதவும். ஊருக்குப் போய்ச் சேர்வோமா என்று அதைக் கேட்க முடியாது.

எங்கள் வீட்டில் அதற்கு வேறொரு தராசு இருக்கிறது. அப்பாவின் நோட்டு. டேஷ்போர்டு அறையில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்பி, பங்க் குழாய் 'டப்' என்று தானாக நிற்கும் முதல் சத்தத்தோடு நிறுத்தச் சொல்வார். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவார். அடுத்த முறை அதே போல நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரை அப்போது ஊற்றிய லிட்டரால் வகுப்பார். முடிந்தவரை ஒரே பங்க், ஒரே குழாய். சத்தம் வந்த பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று ஊற்றினால் கணக்குக் கெட்டுவிடும், டேங்குக்கும் நல்லதில்லை என்பார்.

அந்த நோட்டின்படி, தாம்பரம் - கிண்டி தினசரி ஓட்டத்தில் எங்கள் கார் கொடுப்பது 15. மழைநாளில் 13.8-ம் உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு கொஞ்சம் குறைந்திருப்பதாக அப்பாவுக்கு ஒரு மனக்குறை. எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே, 20 சதவிகிதம் கலந்தால் ஆற்றல் 6, 7 சதவிகிதம் குறையத்தான் செய்யும். மைலேஜில் 1-2 சதவிகிதம், இ20-க்காகத் தயாரிக்கப்படாத வண்டிகளில் 3-6 சதவிகிதம் குறையலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. நகரத்து நெரிசல் தின்பதோடு ஒப்பிட்டால் இது சில்லறை. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

இந்தப் பயணம் பொள்ளாச்சியில் மாமா பெண்ணின் கல்யாணத்துக்காக. தாம்பரத்தில் டேங்கை நிரப்பியபோது திரை 405 காட்டியது. விழுப்புரம் தாண்டும்போது 130 கிலோமீட்டர் ஓடியிருந்தோம். திரையில் 390!

130 கிலோமீட்டர் ஓடியதற்குக் குறைந்தது வெறும் 15. எனக்குக் குஷியாகிவிட்டது. கார் தானாகப் பெட்ரோல் தயாரிக்கவில்லை. அந்த எண்ணைத் திரை எடுப்பது, கொஞ்ச நேரம் முன்பு வரை எப்படி ஓட்டினோம் என்பதிலிருந்து. தாம்பரத்தில் அதற்குத் தெரிந்தது சென்னை நெரிசல் மட்டும். உளுந்தூர்பேட்டை, சேலம் என்று 80-க்கு மேல் போகாமல் சீராக ஓட்டியதில் அதன் நினைவு மாறிக்கொண்டே வந்தது. அவிநாசியில் ட்ரிப் மீட்டர் 447. டேங்கை நிரப்பினோம், 20.9 லிட்டர் பிடித்தது. 21.4 மைலேஜ். திரை 22.3 என்றது. கைக்கணக்கைவிடத் திரை கொஞ்சம் தாராளமாகச் சொல்வது பல கார்களிலும் உள்ளதுதான்.

அதற்குப் பிறகு நான்கு நாள் கல்யாண அலைச்சல். பழனிக்கு ஒரு நடை, ஆனைமலை மாசாணியம்மன் கோயில், பத்திரிகை வைக்க விட்டுப்போன சொந்தக்காரர்கள் வீடு. ஐந்தாம் நாள் காலை வால்பாறைக்குக் கிளம்பும்போது டேங்க் பாதிக்கும் கொஞ்சம் கீழே. திரையில் 250.

"நிரப்பிட்டுப் போலாம்" என்றார் அப்பா.

"வால்பாறை 65, அங்கிருந்து அதிரப்பள்ளி 80. மொத்தமே 145-தானேப்பா? நூறு மிச்சம் இருக்கும்." பங்கில் கல்யாண வேன்கள் வரிசை கட்டி நின்றன. எனக்கு வெயிலுக்கு முன்னால் மலையேறிவிட வேண்டும். முடிவு என்னுடையது.

ஒன்பதாவது வளைவில் தெரிந்தது, நான் எதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது. காரும் நாங்கள் மூவரும் பெட்டிகளும் சேர்ந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோ. வால்பாறை சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து கணக்குப் பார்த்தால் அத்தனை எடையையும் 700 மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசியைத்தான் இன்ஜின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. அப்படிப் பார்த்தால், தூக்குவதற்கு மட்டுமே ஒரு லிட்டர் செலவு. இரண்டாம் கியர், முதல் கியர், எதிரே பஸ் வந்தால் நின்று மறுபடி கிளப்புவது எல்லாம் அதற்கு மேல்.

அட்டகட்டியில் டீ குடித்தோம். அதற்கு மேலே பாறைச் சரிவில் இரண்டு வரையாடுகள், எங்களைப் பொருட்டாகவே மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. கவர்க்கல் பக்கம் மூடுபனி. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தோம். இதையெல்லாம் ரசித்திருக்க வேண்டும். நான் திரையை ரசித்துக்கொண்டிருந்தேன். 150. 131. 119.

வால்பாறை ஊருக்குள் நுழையும்போது 108. ஆழியாற்றிலிருந்து 40 கிலோமீட்டர் ஓடி, 118 கிலோமீட்டரைத் தொலைத்திருந்தோம். அந்த ஏற்றத்துக்கு மட்டும் மைலேஜ் 11-ஐ ஒட்டி.

சரி, இங்கே நிரப்பிக்கொள்ளலாம் என்று போனால், பங்கில் கயிறு கட்டியிருந்தது. "கரண்ட் இல்லீங்க. ஜெனரேட்டரும் ரிப்பேர். மத்தியானத்துக்கு மேல வரும்ங்க" என்றார் அங்கிருந்தவர்.

108 இருக்கிறது, அதிரப்பள்ளிக்கு 80. போய்விடலாமா? நான் போய்விடலாம் என்ற கட்சி. அப்பா காரை விட்டு இறங்கி, பங்க் நிழலில் போய் நின்றுகொண்டார். அவர் வாக்குவாதம் செய்யாமல் இறங்கி நின்றால் அது தீர்ப்பு.

காரணம் இருக்கிறது. வால்பாறையிலிருந்து சோலையாறு அணை வழியாக மலக்கப்பாறை. அங்கே கேரளா தொடங்குகிறது. அதற்கு அப்புறம் வாழச்சால் வரை காடுதான். நடுவில் பங்க் கிடையாது, பெரும்பாலான இடங்களில் போன் சிக்னலும் கிடையாது. சோதனைச்சாவடியில் வண்டி எண்ணையும் நுழைந்த நேரத்தையும் எழுதிக்கொள்கிறார்கள். வழியில் இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு விட மாட்டார்கள். "யானை நின்னா நாமளும் நிக்கணும். மரம் விழுந்து கிடந்தா திரும்பி இவ்வளவு தூரமும் ஏறி வரணும். அதுக்குப் பெட்ரோல் இருக்கா?" என்றார் அப்பா. இறக்கத்துக்கான கணக்கு என்னிடம் இருந்தது. திரும்பி வருவதற்கான கணக்கு இல்லை.

காத்திருந்த நேரத்தில்தான் அம்மா கேட்டார், "எஸ்டேட்டைப் பாத்துட்டு வந்துரலாமா?"

அம்மா பிறந்தது வால்பாறை எஸ்டேட் ஒன்றின் லைன் வீட்டில். பாட்டி கொழுந்து பறித்தவர். பன்னிரண்டு வயதில் பொள்ளாச்சிக்கு இறங்கிய அம்மா அதற்குப் பிறகு மேலே வரவே இல்லை. எங்கள் திட்டத்தில் வால்பாறை ஒரு சாப்பாட்டு நிறுத்தம் மட்டும்தான். 'வழியில பாத்துக்கலாம்' என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பங்க் திறந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

ஆறு கிலோமீட்டர். வழியில் புதுத்தோட்டம் அருகே சாலையோர மரத்தில் சிங்கவால் குரங்குகள். லைன் வீடுகள் இருந்தன. பாதி பூட்டிக் கிடந்தன. அம்மா மூன்றாவது வரிசையில் ஒரு வீட்டு முன்னால் நின்று, இதுவா அதுவா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே இருந்தவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பம். மொழி புரியாமலேயே எங்களை உட்காரவைத்து, கறுப்பு டீ கொடுத்தார்கள். அம்மா அடுப்படிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கதான் மழைக்கு ஒழுகும்" என்றார். அண்ணாந்து பார்த்தோம். இப்போதும் ஒழுகிய கறை இருந்தது.

மூன்று மணிக்கு மேல் கரண்ட் வந்தது. டேங்க் 'டப்' சத்தம் வரை 20.6 லிட்டர் குடித்தது. அப்படியென்றால் மிச்சமிருந்தது 6.4. அந்த நேரத்துக்கு மேல் காட்டுப் பாதையில் இறங்க அப்பா ஒப்பவில்லை. வால்பாறையிலேயே ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தோம்.

மறுநாள் காலை மலக்கப்பாறையில் பதிவு போட்டுக் காட்டுக்குள் நுழைந்தோம். மாமா பொள்ளாச்சியில் ஓர் அறிவுரை கொடுத்திருந்தார்: "இறக்கத்துல நியூட்ரல் போட்டு விட்டுரு, பெட்ரோலே செலவாகாது." தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். இப்போதைய கார்களில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் தானாகவே நிறுத்தப்படுகிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் வேண்டும். அதைவிட முக்கியம், வண்டியின் மொத்த எடையும் பிரேக்கின் தலையில் விழும். காட்டு வளைவில் பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போனால், மிச்சம்பிடித்த பெட்ரோலை வைத்து என்ன செய்வது?

பெரிங்கல்குத்து அணைக்கு முன்னால், எங்களுக்கு முன்னே போன கேரள அரசு பஸ் நின்றது. டிரைவர் கையை வெளியே நீட்டி, 'பின்னாலேயே நில்' என்று சைகை காட்டினார். எதற்கென்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு மூங்கில் ஒடியும் சத்தம். இரண்டு பெரியது, ஒரு குட்டி. நான் இன்ஜினை அணைத்தேன். அம்மா எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. முப்பத்தைந்து நிமிடம்.

அதிரப்பள்ளியில் அருவியைப் பார்த்துவிட்டு, சாலக்குடி போனதும் முதல் வேலையாகப் பங்கில் நுழைந்தோம். வால்பாறையிலிருந்து 107 கிலோமீட்டர். பிடித்தது 5.2 லிட்டர்.

மனதுக்குள் வகுத்தேன். 20.6. முந்தைய நாள் மிச்சமிருந்த 6.4 லிட்டரில் அதிரப்பள்ளி என்ன, சாலக்குடியே வந்திருக்கலாம். கடைசி ஒரு லிட்டர் மிச்சமும் இருந்திருக்கும்.

"அப்பா, நேத்தே வந்திருக்கலாம்" என்றேன்.

"வந்திருக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார், நோட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றியபடி. தேதி, 107, 5.2, 20.6 என்று வரிசையாக எழுதினார். வழக்கமாக அந்த நோட்டில் எண்களைத் தவிர வேறு எதுவும் இருக்காது. பக்கத்தில் இடம் இருந்ததால் சின்ன எழுத்தில் 'யானை - 35 நிமிஷம்' என்று சேர்த்தார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டையும் எழுதுங்க" என்றார்.