தேவாலாவில் கண்ட வளைவு

கூடலூரிலிருந்து பந்தலூர் போகும் வழியில் தேவாலா. 1880 வாக்கில் தங்கம் தோண்டிய ஊர். இன்று தேயிலைதான் தங்கம். முன்னே சாய்ந்தபடியே கொழுந்து பறித்த ஒரு பெண், சற்று நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைந்து, "அப்பாடா!" என்றதைப் பார்த்தேன். அடுப்படியிலும் தொட்டிலடியிலும் குனிகிற நமக்கும் அந்த வளைவு வேண்டியதுதானே! ஆனால் அவசரப்பட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதற்குத்தான் பெல்ட். ஆசனங்களுக்கு இப்படித் துணைப் பொருள்களைப் பரவலாக்கியவர், 1975-ல் புனேயில் யோக நிலையம் திறந்த பி.கே.எஸ். ஐயங்கார். தனுராசனத்தில் கை எட்டவில்லையா? கணுக்கால்களில் பெல்ட்டை மாட்டி, முனைகளைப் பிடியுங்கள். நீளமான பருத்தித் துணியும் போதும். பிடித்துக்கொள்ளத்தான் அது, வெடுக்கென்று இழுக்க அல்ல! மூச்சை அடக்காதீர்கள். வலித்தால் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் இதைச் செய்ய வேண்டாம். பிள்ளை பெற்றவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே தொடங்குங்கள்.