மாநிறம்

தங்கைக்கு மணமகன் தேடும் படலம் எங்கள் வீட்டில் தொடங்கியிருக்கிறது. விவரத்தாளை நிரப்பும் பணி என்னிடம் வந்தது. வயது, படிப்பு, உயரம் எல்லாம் எழுதிய கை, 'நிறம்' என்ற இடத்தில் நின்றது. தங்கை நல்ல கறுப்பு. நானோ 'மாநிறம்' என்று எழுதினேன். பார்த்தவள் கேட்டாள்: "அண்ணா, இது யாருடைய நிறம்?"

விடை கூற நா எழவில்லை. தமிழ் பயிற்றும் ஆசிரியன் நான்!

'மா' என்றால் மாமரம். 'மா' என்றால் கருமை. மாந்தளிரின் மென்மையான நிறத்தை மாமை என்று சங்கப் புலவர் போற்றினர். காதலன் பிரிந்தால் காதலியின் மாமை கெடும், மேனி வெளிறும். அந்த வெளிறலுக்குப் பசலை என்று பெயர். குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பாலைக் காட்டி, அதுபோல் என் மாமையழகு எவர்க்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்று துடிக்கிறார். வள்ளுவரும் பசப்புக்கென்றே 119ஆம் அதிகாரத்தை வகுத்தார். அன்று வெளிறுவது நோய்! இன்று வெளுப்பதற்கு மருந்து!

இன்றைய வீடுகளில் "பெண் நிறமாக இருக்கிறாள்" என்றால் சிவப்பு என்று பொருள். "நிறம் கொஞ்சம் மட்டு" என்றால் கறுப்பு. கறுப்பு ஒரு நிறமே அன்று போலும்! மாந்தளிரைக் காட்டிய சொல், கறுப்பை மறைக்கும் திரையாயிற்று. மாப்பிள்ளையிடம் ஊதியம் கேட்போர், பெண்ணிடம் மட்டும் நிறம் கேட்கின்றனர்.

1954 நவம்பர் 1ஆம் நாள் காரைக்காலை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. வெள்ளையர் சென்றனர், வெள்ளை மோகம் செல்லவில்லை. பழி அவர்மேல் மட்டுமா? வெயிலில் உழைத்துக் கறுத்தவனைக் கீழோன் என்ற சாதிச் செருக்கு, அவர்கள் கப்பலில் வந்ததன்று, இங்கேயே விளைந்தது.

ஆனித் திங்களில் எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து கனிகளை வீசுவர். மக்கள் கையேந்திப் பிடிப்பர். கனியைப் பிடிக்கத் தெரிந்த ஊர், தளிரின் நிறத்தை மறந்துவிட்டது.

தங்கை என் எழுத்தை அடித்துவிட்டுக் 'கறுப்பு' என்று எழுதினாள். "வருகிற வரனும் வராதேடி" என்று அம்மா கண் கலங்கினார். நான் திருத்தவில்லை, தாளை அப்படியே தரகரிடம் கொடுத்தேன். இரண்டு வாரமாயிற்று, பதில் இல்லை. வரட்டும், வராதிருக்கட்டும். கறுப்பை ஒளிக்க இனி அச்சொல்லை எழுதேன்.

தோழர்களே, உங்கள் வீட்டுத் தாளில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?