பரணில் உறங்கும் ஏடுகள்

பெசன்ட் நகர் என்றதும் கடற்கரையே உங்கள் நினைவுக்கு வரும். அங்கே செல்கையில், 1943இல் தொடங்கப்பெற்ற உ.வே. சாமிநாதையர் நூல்நிலையத்தையும் கண்டு வாருங்கள்.

கும்பகோணம் கல்லூரி ஆசிரியரான ஐயர், பதிப்பகத்தாரை எதிர்பார்க்கவில்லை. அன்பர்களிடம் கையொப்பம் திரட்டினார். விடுமுறைகளில் சென்னை வந்து அச்சுப்படி திருத்தினார். சைவரான அவர் 1887இல் வெளியிட்டது சீவக சிந்தாமணி என்னும் சமணக் காப்பியம்! அவருடைய ஆசான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் பயின்றார்.

அந்நூல்நிலையத்தின் ஓலைச்சுவடிகளைக் கண்டபோது என் நெஞ்சு சுட்டது. பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபைக் கரையானுக்கு இரையாக்கியவர்கள் நாங்கள். அதில் என்ன எழுதியிருந்தார் என்பதை இனி யாரிடம் கேட்பேன்?

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணை இன்றே திறந்து பாருங்கள்.