எச்சிலில் கிடைத்த மருந்து

உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்று இனயத்தில் யாரிடம் சொன்னாலும், "அப்ப டாக்டரா மக்கா?" என்றுதான் கேட்பார்கள். டாக்டர் இல்லை நண்பர்களே. ஆனால் எங்கள் லேப் ஃப்ரீசரில் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றி இன்று சொல்லியே ஆக வேண்டும்.

பெயர் இ.ஜி.எஃப். தோல் செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணி. வெறும் 53 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன், எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு ஊசியில் செலுத்தினார். வழக்கமாக இரண்டு வாரத்தில் திறக்கும் கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்துவிட்டன! காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து 1962-ல் அறிவித்தார். 1986-ல் ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் நோபல் பரிசு.

இப்போது எலி தேவையில்லை. மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தால் அதுவே தயாரித்துக் கொடுக்கும். சுத்தம் செய்து, உலர்த்தி, குப்பியில் விற்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் ஊட்டக் கரைசலுக்கு 10, 20 நானோகிராம் போதும். லேபிளில் மட்டும் கண்டிப்பாக எழுதியிருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல.

அந்த வரியின் அர்த்தம் புரிந்தது எங்கள் பாட்டாவால். ஆயுசு முழுக்க கடலுக்குப் போனவர். சர்க்கரை நோயில் காலில் உணர்ச்சி குறைந்து, சிப்பி குத்தியதே தெரியவில்லை. புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. விரலை எடுக்கணுமோ என்று வீட்டில் பயம். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பின் அட்டையைப் பார்த்தால், அதே இ.ஜி.எஃப்! ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் 'ரீஜென்-டி' என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒரு கிராமில் 150 மைக்ரோகிராம். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணிப் பக்கத்துக்காரர்.

மாமா கேட்டார்: "உங்க லேப்ல இருக்கத கொஞ்சம் எடுத்துட்டு வந்தா என்ன மக்கா? காசு மிச்சம்லா?"

நியாயமான கேள்விதான். சங்கிலி ஒன்றே. ஆனால் லேப் குப்பியில் பாக்டீரியாவின் நச்சு எச்சம் கொஞ்சம் இருந்தாலும் தட்டில் வளரும் செல்லுக்கு அநேகமாகப் போதும். திறந்த புண்ணுக்குப் போதாது. மருந்து என்றால் கிருமி நீக்கம், அளவு, நோயாளிகளிடம் சோதனை எல்லாம் தாண்டி வரணும். இன்னொன்று, 'பெருகு' என்ற இந்தக் கட்டளையைப் பல புற்றுநோய்ச் செல்களும் கேட்கும். அதனால் டாக்டர் பார்க்காமல் தொடவே கூடாது.

பாட்டாவின் புண் மூடிவிட்டது. களிம்பா, சர்க்கரைக் கட்டுப்பாடா, காலை ஊன்றாமல் கிடந்ததா? ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது. மூன்றும் சேர்ந்துதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை இருந்தால், ராத்திரி படுக்கும் முன் அவர்கள் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். எந்தப் புரதத்தையும் விட அது மலிவு :)